கண்ணை மறைத்த படம்

ஒரு வெள்ளிக்கிழமை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை ரெனிட்டாவுக்கு மருந்து ஏற்ற வேண்டும். அந்த நாட்களில் ஃப்ளோரன்ஸ் மதியத்துக்கு மேல் பள்ளியில் விடுப்பு சொல்லிவிட்டு, சாந்தோமிலிருந்து மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடையாறுக்கு வருவாள். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஜன்னலோரக் கட்டில் அவர்களுக்கென்றே ஆகிவிட்டிருந்தது. ஊசி குத்தி டிரிப்ஸ் ஓடத் தொடங்கியதும் ரெனிட்டா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஃப்ளோரன்ஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்துவாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வைதேகி வந்தாள். ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்த ஆராய்ச்சி மையத்தில் சொற்பொழிவுகளையும் கருத்தரங்குகளையும் ஏற்பாடு செய்வது அவள் வேலை. எப்போதும் சிரித்த முகம், எப்போதும் அவசரம்.

“மேம், அடுத்த மாசம் எங்களுக்கு மூச்சு விட நேரமில்ல. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு லெக்சர். கடைசி சனிக்கிழமை பெரிய சிம்போசியம், அரிய நோய்களைப் பத்தி. வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் சயின்டிஸ்ட் வர்றாங்க. டாக்டர் சார் உங்க பேரை முதல்லயே போட்டுட்டார்.”

போட்டுவிட்டார் என்றால் இனி கேட்க ஒன்றுமில்லை. வைதேகி கையிலிருந்த டேபின் திரையைத் திருப்பிக் காட்டினாள். அழைப்பிதழின் நடுவில் ‘நோயாளியின் குரல்: திருமதி ஃப்ளோரன்ஸ் ஹென்றி’ என்று இருந்தது. அதன் கீழே இரண்டு படங்கள். முதல் படத்தில் ஒரு சின்னப் பெண் உள்ளாடையோடு சுவரோரம் நின்றாள். குச்சிக் கைகள், குச்சிக் கால்கள், முன்னால் தள்ளிய பெரிய வயிறு. இரண்டாவது படத்தில் அதே பெண், வயிறு வடிந்து. இரண்டிலும் கண்களின் மேல் ஒரு கறுப்புப் பட்டை.

“மருந்து கம்பெனிக்காரங்களும் வர்றாங்களாம் மேம்,” என்றாள் வைதேகி. அவளுக்கு அது வெறும் செய்தி.

“வர்றேன்னு சொல்லுங்க,” என்றாள் ஃப்ளோரன்ஸ்.

ரெனிட்டாவின் கண்கள் மூடியே இருந்தன. காதில் மாட்டியிருந்ததில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்பது ஃப்ளோரன்ஸுக்குத் தெரியாது.

ரெனிட்டாவுக்கு ஐந்து வயதில்தான் வயிறு வீங்கத் தொடங்கியது. பூச்சி என்றார்கள், காமாலை என்றார்கள். ரத்தப் புற்றாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்லி வீட்டில் யாரையும் தூங்கவிடாமல் செய்தார். கடைசியில் நோயைக் கண்டுபிடித்தவர் டாக்டர் கதிரேசன். உடம்பில் ஒரு நொதி சுரக்காததால் கொழுப்பு கரையாமல் மண்ணீரலிலும் எலும்பிலும் சேர்ந்துகொண்டே போகிறது, மருந்து உண்டு, ஆனால் வீட்டை விற்றாலும் கட்டுப்படியாகாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அதோடு விட்டுவிடவில்லை. அவரே எழுதிக் கேட்டு, ஆள் பிடித்து, ஒரு வெளிநாட்டு மருந்து கம்பெனியின் இலவசத் திட்டத்தில் ரெனிட்டாவைச் சேர்த்தார். வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

மருந்து தொடங்குவதற்கு முன்னால் ஒரு காலையில் அந்தப் படத்தை எடுத்தார்கள். “குளிருது மம்மி” என்றாள் ரெனிட்டா. ஃப்ளோரன்ஸ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அன்று அவளிடம் எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பாள்.

வயிறு வடிந்ததும் இரண்டாவது படத்தை எடுத்தார்கள். அப்போது டாக்டர் கேட்டார், “சின்ன மீட்டிங்தாம்மா. நாலு வார்த்தை பேச முடியுமா?” ஃப்ளோரன்ஸ் பேசினாள், அழுதாள். கேட்டவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த வருடமும். நாளாக ஆக அந்தப் பேச்சு ஜெபம் மாதிரி வாயில் ஓடியது. எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் தலை குனியும், எந்த இடத்தில் சிரித்தால் கூடச் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போதெல்லாம் அழுகை வருவதில்லை. அழுத இடங்களில் குரலைத் தாழ்த்தினாலே போதுமானதாக இருந்தது. தன் அப்பாவை அடக்கம் செய்த வாரத்தில்கூடப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

பேசாவிட்டால் மருந்து நின்றுவிடும் என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துக் கேட்டிருக்கலாம், கெஞ்சியாவது இருக்கலாம். யாரும் எதுவும் சொல்லாததால் அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு போய் யார் முன்னாலும் வைக்க முடியவில்லை. அது அவளுக்குள்ளேயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரெனிட்டா பள்ளியிலிருந்து வந்து, பையைக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றாள். அவள் அப்பா ஹென்றி துறைமுக அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“மம்மி, ஹானி பார்த்துட்டா.”

“எதை?”

“என் போட்டோவை.”

உம்மே ஹானி ஒன்றாம் வகுப்பிலிருந்து ரெனிட்டாவோடு படிப்பவள். அவள் அண்ணன் மருத்துவக் கல்லூரி மாணவன். அவனுடைய வாட்ஸப் குழுவுக்கு சிம்போசியத்தின் அழைப்பிதழ் வந்திருக்கிறது. இப்படியும் ஒரு நோய் இருக்கிறது பார் என்று தங்கையிடம் காட்டியிருக்கிறான்.

“யார்கிட்டயும் சொல்லல அவ. பஸ்ல பக்கத்துல உட்கார்ந்து, இது நீதானேடின்னு மெதுவா கேட்டா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. சிரிச்சிருந்தாகூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது.”

“கண்ணு தெரியாத மாதிரி மறைச்சுதானே போட்டிருக்காங்க.”

“கண்ணை மறைச்சுட்டா அது நான் இல்லைன்னு ஆயிடுமா? எனக்குப் பதினாறு வயசு மம்மி. ஜட்டியோட நிக்கிறேன் அதுல. அதைப் பெருசா போட்டுட்டு, பக்கத்துல நின்னு நீங்க பேசுறீங்க.”

ஃப்ளோரன்ஸுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. “பேசாம எப்படிடி இருக்கறது? உனக்கு ஏறுதே மருந்து, அது யாரு குடுக்கறது?”

வாயை விட்டு வந்த பிறகுதான் அது மகளிடம் சொல்லக்கூடாத வார்த்தை என்று தோன்றியது. ரெனிட்டா முகம் மாறாமல் நின்றாள்.

“தெரியும். ஒவ்வொரு தடவை ஊசி குத்தும்போதும் தெரியும். நீங்க பேசுங்க மம்மி, நான் பேச வேணாம்னு சொல்லல. அந்தப் படம் வேணாம். அவ்வளவுதான்.”

அவள் உள்ளே போய்விட்டாள். ஹென்றி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், “டாக்டர் மனசு கோணாம ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்.”

“நீங்க சொல்லுங்களேன்.”

ஹென்றி எழுந்து டீ குடித்த டம்ளரைக் கழுவத் தொடங்கினான்.

இரண்டு நாள் கழித்து ஃப்ளோரன்ஸ் டாக்டரைப் பார்க்கப் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஆட்டோவிலேயே வாக்கியத்தை அமைத்துவைத்திருந்தாள். கதவைத் தட்டி உள்ளே போனால், எதிர் நாற்காலியில் ஏற்கெனவே ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு வயதுக் குழந்தை. கவுன் வயிற்றின் மேல் ஏறி நின்றது. அந்த வயிற்றைப் பார்த்ததும் ஃப்ளோரன்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“வாங்கம்மா, சரியான நேரத்துக்கு வந்தீங்க,” என்றார் டாக்டர் கதிரேசன். “இவங்க பொன்மணி. பெரும்பாக்கத்துலேர்ந்து வர்றாங்க. பாப்பாவுக்கு நம்ம ரெனிட்டாவுக்கு இருந்ததேதான். இன்னும் மருந்துக்கு அனுமதி வரல. பயந்துபோயிருக்காங்க.”

பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பொன்மணி பக்கம் திருப்பினார். “இங்க பாரும்மா. இவங்க பொண்ணு. முன்னாடி இப்படி இருந்தா. மருந்துக்கு அப்புறம் இப்படி.”

பொன்மணி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். அந்தப் படத்தையும் மடியிலிருந்த குழந்தையின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுவரை இறுகிக் கிடந்த அவள் முகம் மெல்லத் தளர்ந்தது.

“அதே மாதிரிதான் கீது,” என்றாள். “இப்ப நல்லாக்கீதாக்கா உங்க பொண்ணு?”

“நல்லா இருக்கா. ஸ்கூலுக்குப் போறா.”

“ஆத்தோரத்துல இருந்தப்போ பக்கத்துலயே ஆஸ்பத்திரி. இப்ப குடிசையக் காலி பண்ணி எங்களைத் தூக்கினு போய் அந்தாண்ட போட்டாங்க. ரெண்டு பஸ்ஸு மாறி வர்றேன். வழியெல்லாம் அழுதுக்கினே வருவேங்கா. இத்தப் பாத்தப்புறம்தான் மனசுக்குத் தெம்பா கீது. மீட்டிங்ல பேசப் போறீங்களாமே, எங்க பாப்பாவப் பத்தியும் ஒரு வார்த்த சொல்லுங்கக்கா.”

பொன்மணி போன பிறகு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பார்த்தீங்களாம்மா, ஒரு படம் என்ன செய்யுதுன்னு. நான் அரை மணி நேரம் சொல்லிப் புரியாதது அவங்களுக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது. நீங்க என்ன விஷயமா வந்தீங்க?”

ஃப்ளோரன்ஸ் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். அமைத்துவைத்திருந்த வாக்கியம் அப்படியே இருந்தது. அதை எடுத்துச் சொல்லும் இடத்தில்தான் இப்போது பொன்மணியின் குழந்தை உட்கார்ந்திருந்தது.

“ஒண்ணுமில்ல சார். எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

சிம்போசியத்தன்று காலையில் ரெனிட்டா தலை வாரி, சுடிதார் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

“நீ எதுக்குடி?”

“இத்தனை வருஷமா நடக்குது. ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லையே.”

வேண்டாம் என்று சொல்ல ஃப்ளோரன்ஸுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆராய்ச்சி மையத்தின் ஆடிட்டோரியம் குளிர்ந்து கிடந்தது. வாசலில் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பெயர் அட்டை கொடுத்தார்கள். ஃப்ளோரன்ஸை வைதேகி முன்வரிசைக்கு அழைத்துப் போனாள். ரெனிட்டா தானாகவே கடைசி வரிசைக்குப் போய் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். முதலில் வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் செல்களைப் பற்றிப் பேசினார். அடுத்து வேறு ஊரிலிருந்து வந்த ஒரு இளம் ஆராய்ச்சியாளர். நன்றாகத்தான் பேசினார். நடுவில் ஒரு ஸ்லைடில் அந்தப் படம் வந்தது. மருத்துவப் பத்திரிகையில் வெளியான கட்டுரையிலிருந்து எடுத்தது என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. கையிலிருந்த லேசரால் அந்த வயிற்றைச் சுட்டினார். சிவப்புப் புள்ளி தொப்புளைச் சுற்றி வட்டமடித்தது. இடப்பக்கம் மண்ணீரல், வலப்பக்கம் ஈரல். புள்ளி கால் எலும்புக்கு இறங்கி, மறுபடி வயிற்றுக்கு ஏறியது.

ஃப்ளோரன்ஸ் திரும்பிப் பார்க்க நினைத்தாள். ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் கம்பெனியிலிருந்து வந்த அம்மாள். கழுத்தை அசைக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் அத்தனை வரிசைகளையும் தாண்டி மகள் உட்கார்ந்திருப்பது முதுகில் சூடாகத் தெரிந்தது.

அவள் பெயரை அழைத்தார்கள். மேடையேறி மைக்கின் முன் நின்றபோது, பின்னால் படம் இன்னும் பெரிதாக விரிந்தது. அங்கிருந்து கடைசி வரிசை நன்றாகத் தெரிந்தது. ரெனிட்டா திரையையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. துப்பட்டாவை இரண்டு கையாலும் வயிற்றின் மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் மகளுக்கு அப்போது ஆறு வயது,” என்று ஃப்ளோரன்ஸ் பழக்கத்தில் ஆங்கிலத்தில் தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை.

அவள் நின்றுவிட்டதைக் கூட்டம் துக்கம் என்று எடுத்துக்கொண்டது. முன்வரிசையில் தலைகள் குனிந்தன. அதைப் பார்த்ததும் ஃப்ளோரன்ஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்,” என்றாள்.

கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொண்டிருந்தவருக்குப் புரியவில்லை. அடுத்த ஸ்லைடைப் போட்டார். வயிறு வடிந்த படம் வந்தது.

“அதையும்.”

திரை வெறும் நீலமாயிற்று. யாரோ இருமினார்கள்.

“இந்தப் படத்துக்குக் கையெழுத்துப் போட்டது நான். படத்தில் இருப்பவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள்.” குரலைத் தாழ்த்த வேண்டிய இடம், நிறுத்த வேண்டிய இடம் எல்லாம் மறந்துபோயிருந்தது. “மருந்து வேலை செய்கிறது. மருந்து கிடைக்காத குழந்தைகள் இருக்கிறார்கள். சமீபத்தில்கூட ஒரு குழந்தையைப் பார்த்தேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.”

இறங்கும்போது அங்கங்கே கைதட்டல் கேட்டது. சேர்ந்து ஒலிக்காமல் அடங்கிப்போயிற்று.

டீ இடைவேளையில் டாக்டர் கதிரேசன் அவளைத் தனியாக ஓரம் அழைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை போல இருந்தது. அவர் முகத்தில் வருத்தம்தான் இருந்தது.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேனேம்மா. அத்தனை பேர் எதிர்ல…”

“சொல்லத்தான் சார் அன்னிக்கு வந்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

அவள் வாய் திறப்பதற்குள் யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார். கம்பெனி அம்மாள் காபிக் கோப்பையோடு கடந்துபோகையில் எப்போதும்போலப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகைக்கு என்ன பொருள் என்று ஃப்ளோரன்ஸ் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள்.

ஆட்டோ அடையாறு பாலத்தில் நெரிசலில் நின்றது. “இன்னாமா, முன்னாடி ஃபுல்லா ஜாம் ஆயிக்கீது,” என்று ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

“மருந்தை நிறுத்திடுவாங்களா மம்மி?” என்று ரெனிட்டா கேட்டாள்.

“தெரியலடி.”

ரெனிட்டா அம்மாவின் மடியில் கிடந்த கையைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றுப் பக்கமிருந்து நாற்றமும் கடற்காற்றும் சேர்ந்து வந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை நர்ஸ் மருந்துக் குப்பியோடு வரும்வரை ஃப்ளோரன்ஸ் எழுந்து எழுந்து வாசலைப் பார்த்தாள். வந்தது. அதற்கடுத்த தடவையும் வந்தது. ஆனால் புதுப்பிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்பது அவள் நினைப்பு. டாக்டருக்கு மன்னிப்புக் கேட்டு போனில் செய்தி எழுதுவாள், அனுப்பாமல் அழிப்பாள். ஹென்றி குற்றம் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் வழியில் தினமும் கோயிலில் இறங்கி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனான். அதைவிட அவன் திட்டியிருக்கலாம்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல், கட்டிலருகே வந்த வைதேகியிடமே கேட்டாள்.

“ரின்யூவலா? அது எப்பவோ வந்துடுச்சே மேம்,” என்றாள் வைதேகி. “சிம்போசியத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

“முன்னாடியேவா?”

“எல்லா வருஷமும் அப்படித்தான். ரத்த டெஸ்ட், ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்து வேற நாட்டுல ஒரு கமிட்டி முடிவு பண்ணும். நீங்க இங்க பேசறதெல்லாம் அவங்களுக்குத் தெரியவே தெரியாது.”

ஃப்ளோரன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அப்பாவை அடக்கம் செய்த வாரம் நினைவுக்கு வந்தது. யாரும் பூட்டாத ஓர் அறையில் இத்தனை வருடம் கைகட்டி நின்றிருக்கிறோம் என்று தோன்றியது. கதவைத் தள்ளிப் பார்க்கும் தைரியம் அவளுக்கும் இருந்ததில்லை, திறந்துதான் இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்த ரெனிட்டா தலையைத் திருப்பினாள். “அப்போ அந்தப் படத்தை எல்லா இடத்துலேர்ந்தும் எடுத்துடலாமா அக்கா?”

வைதேகியின் சிரிப்பு குறைந்தது. “எங்க ஸ்லைடெல்லாத்துலேர்ந்தும் சார் எடுக்கச் சொல்லிட்டார்மா. அவரே உட்கார்ந்து பார்த்தார். ஆனா ஜர்னல்ல வந்தது வந்ததுதான். அதுலேர்ந்து யாரு வேணா எடுத்துப் போட்டுக்கலாம். அதை நிறுத்த முடியுமான்னு எனக்குத் தெரியல.”

ரெனிட்டா சரி என்று தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருந்து முடிந்து கீழே இறங்கினால் ஆராய்ச்சி மையத்தின் வாசல் பெஞ்சில் பொன்மணி உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு மஞ்சள் கவுன், நெற்றியில் பெரிய பொட்டு.

“அக்கா, அடுத்த மாசம் மீட்டிங்ல என்னையும் பேசச் சொல்லிக்கீறாங்க. பாப்பாவ இன்னிக்கு போட்டோ எடுக்கறாங்களாம். கூப்புடுவாங்கன்னு ஒக்காந்துனுகீறேன்.”

ஃப்ளோரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். கமிட்டி பற்றி, ரிப்போர்ட் பற்றி, பேச்சுக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது பற்றி, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். பொன்மணி குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“நீ சொல்றது சரியாத்தான்க்கா இருக்கும்,” என்றாள். நெருக்கம் வந்து ‘நீங்க’ போய்விட்டிருந்தது. “ஆனா உன் பொண்ணுக்கு மருந்து வந்துட்ச்சு. என் பாப்பாவுக்கு இன்னும் வர்ல. வர்ற வரிக்கும் நான் எதுக்கும் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்.”

அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஃப்ளோரன்ஸும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

ரெனிட்டா குனிந்து குழந்தையின் கவுனைச் சரிசெய்தாள். “அக்கா, இந்த கவுனோடவே எடுக்கச் சொல்லுங்க. வயிறு இதுலயும் தெரியும்.”

“அப்டிக் கேக்கலாமா?”

“கேக்கலாம். நாங்களும் வர்றோம், வாங்க.”

பொன்மணி மூடியிருந்த கதவைப் பார்த்தாள். ஒரு கணம் எழப்போகிறவள் போலத்தான் இருந்தாள். உள்ளிருந்து ஒருவர் கதவைத் திறந்து அவள் பெயரைச் சொன்னார். பொன்மணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு வேணாங்க்கா. முதல்ல மருந்து வரட்டும். அப்பால கேட்டுக்கலாம்.”

கதவு மூடிக்கொண்டது. வாசலில் அவர்களுக்காக வந்து நின்ற ஆட்டோ ஹாரன் அடித்தது. ரெனிட்டா நகரவில்லை.

“அவங்க வெளிய வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போலாம் மம்மி,” என்றாள். ஃப்ளோரன்ஸ் போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.